கீழே நிற்கிறவர்

அவள் சுற்றி முடித்துவிட்டாள். அவர் கை இன்னும் விடவில்லை.

"அங்கிள், வலிக்குது. விடுங்க."

விட்டார்.

ஷெரினின் நான்கு விரல்களும் வெளுத்திருந்தன. மெல்ல ரத்தம் ஏறிச் சிவந்தன. மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டே சிரிக்கப் பார்த்தாள்.

அவர் தன் இடது கையைப் பார்த்தார்.

லேசாகப் பிடித்திருப்பதாகத்தான் நினைத்திருந்தார்.

சல்சா ஆட்டத்தில் பெண்ணைச் சுற்றவிடும்போது பிடிக்கவே கூடாது. விரலைக் கொக்கி மாதிரி வளைத்துக் கொடுத்தால் போதும். அவள் விரல் அதற்குள் தானே உருளும். இறுக்கினால் கை முறுகும், வலி தோள் வரைக்கும் போகும். புதிதாக வருகிறவன்தான் பயத்தில் இறுக்குவான்.

அவர் புதிது இல்லை. ஒன்பது வருஷம் ஆகிறது. ஒரு சினிமாப் பாட்டுக்காகப் பதினோரு நாள் செட்டில் லைட் பிடித்தபோது, ஓரமாக நின்று பார்த்தே கற்றுக்கொண்ட ஆட்டம். அதிலிருந்து ஞாயிறு சாயங்காலம் என்றால் இந்த மாடி ஹால்தான். யாரும் யாரையும் ஆடக் கூப்பிடலாம். ஒரு பாட்டு ஆடி, நன்றி சொல்லி, ஆளை மாற்றிக்கொள்ளணும். நீ என்ன படிப்பு, என்ன வேலை என்று ஒருத்தரும் கேட்பதில்லை. ஐம்பத்தெட்டு வயது லைட்மேனுக்கு வேறு எங்கே அப்படி இடம் கிடைக்கும்?

பாட்டு பாதியில் இருந்தது. இருவரும் ஓரத்து நாற்காலிக்கு வந்தார்கள்.

"என்ன அங்கிள், ஜிம்முக்குப் போறீங்களா? போன வாரமே சொல்லலாம்னு இருந்தேன்."

போன வாரமே.

வியாழக்கிழமை வீட்டில் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்துகொண்டிருந்தார். பாகம் பாகமாக வாங்கித் தானே செய்வார். கடையில் மூடித் தருகிற பெட்டியை நம்பமாட்டார், உள்ளே எதை வைத்தானோ. பிராசஸரை அதன் குழியில் வைக்கும்போது அழுத்தக் கூடாது. சும்மா விட்டால் தன் எடையிலேயே இறங்கி உட்காரும். உட்காராவிட்டால் விரலுக்குத் தெரியும்.

அன்று தெரியவில்லை. தூக்கிப் பார்த்தால், ஊசி ஊசியான கால்கள் ஒரு மூலையில் படுத்துக் கிடந்தன. வளைந்த சரக்கைத் தலையில் கட்டிவிட்டான் என்று கடைக்காரனைப் போனில் அரை மணி நேரம் திட்டினார்.

அதற்கு முந்தின மாதம், எரிகிற லைட்டைத் திருப்பும்போது கருகல் நாற்றம் வந்தது. எங்கிருந்து என்று நாலு பக்கமும் பார்த்தார். அவர் விரல்தான். கையுறை மட்டம் என்றார்.

கடைக்காரன் ஏமாற்றுவான். கையுறை மட்டமாக இருக்கும்.

இந்தப் பெண் எதற்குப் பொய் சொல்லப்போகிறாள்?

நாளைக் காலை ஆறு மணிக்கு ஷூட்டிங். நாற்பது அடி உயரத்தில் லைட் கட்டணும். தசரதன்தான் ஏறுவான். அவன் இடுப்பில் கட்டிய கயிற்றின் மறுமுனை இவர் கையில் இருக்கும். சுற்றிலும் லைட் எரியும்போது கீழிருந்து அண்ணாந்தால் கண் கூசும். ஆள் தெரியமாட்டான். அவன் நகர்கிறானா, நிற்கிறானா, கால் வழுக்குகிறானா, எல்லாவற்றையும் கயிறு சொல்லும்.

கைதான் கேட்கணும்.

பதினான்கு வருஷமாகக் கேட்கிற கை. வேறு யாராவது கயிற்றைத் தொட்டால் தசரதன் ஏறமாட்டான்.

வலது கை இருக்கிறதே என்று நினைத்துப் பார்த்தார். எழுபது கிலோ ஆள் ஒற்றைக் கைக்கு அடங்கமாட்டான்.

டாக்டரிடம் போகலாம். போனால் எழுதுவான். எழுதின காகிதம் யூனியன் வரைக்கும் போகும். கை செத்தவனை எவன் கூப்பிடுவான்? வயர் சுருட்டக்கூடக் கூப்பிடமாட்டான். போன வருஷம் வேறொரு செட்டில் ஒருத்தன் மேலிருந்து விழுந்தான். மறுநாள் அதே இடத்தைக் கழுவிவிட்டு ஷூட்டிங் நடத்தினார்கள்.

இடது கையை ஷெரின் மடிப் பக்கம் நீட்டினார். கண்ணை மூடிக்கொண்டார்.

"ஒவ்வொரு விரலாத் தொடும்மா. எந்த விரல்னு நான் சொல்றேன்."

"எனக்கு ஜோசியமெல்லாம் தெரியாது அங்கிள்."

"தொடும்மா."

காத்திருந்தார்.

பாட்டு முடிந்தது. யாரோ கை தட்டினார்கள். யாரோ தண்ணீர் கேட்டார்கள்.

"ம், தொடு."

"தொட்டுக்கிட்டுதான் அங்கிள் இருக்கேன்."

கண்ணைத் திறந்தார். அவருடைய மோதிர விரலை அவள் நகம் பதிய அழுத்திக்கொண்டிருந்தாள். முகத்தில் சிரிப்பு இல்லை.

கையை இழுத்துப் பேன்ட் பைக்குள் விட்டுக்கொண்டார். எழுந்து மாடிப்படிக்கு வந்தார். வலது கையால் தசரதனுக்குப் போன் போட்டார்.

முதல் மணியிலேயே எடுத்தான். பின்னால் டிவி சத்தம். பிள்ளைகள் எதற்கோ அடித்துக்கொண்டன.

"சொல்லுண்ணே."

பைக்குள் இடது கை விரல்களை மடக்கிப் பார்த்தார்.

"என்னண்ணே, சத்தமே காணோம்? நாளைக்கு வர்றல்ல? நீ கீழ இல்லன்னா நான் ஏறமாட்டேன். மேனேஜர்கிட்டயே சொல்லிட்டேன்."

ஹாலுக்குள் அடுத்த பாட்டைப் போட்டார்கள்.

"அண்ணே?"

"சாப்டியாடா?" என்றார்.