ஆவணி

அறையில் இருந்தவர்கள் டாக்டர் ஜெசிந்தா, என் மகன் ஆவுடையப்பன், அவன் மாமியார் உலகம்மாள், நான், அவள்.

வேறு யாரும் இல்லை. கதவு சாத்தியிருந்தது.

அவள் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தாள். எங்கள் வீட்டு மருமகள். வயிறு வெளியே தெரியத் தொடங்கிய மாதம்.

டாக்டர் ரத்தப் பரிசோதனைத் தாளைப் படித்தார். மறுபடியும் படித்தார்.

"நீங்கல்லாம் கொஞ்சம் வெளிய இருங்க. இவங்ககிட்ட தனியாப் பேசணும்."

நான் எழுந்திருக்கவில்லை.

"எங்க வீட்டுல ஒளிவு மறைவு கெடையாதும்மா. எதுவானாலும் இங்கயே சொல்லுங்க."

சொல்லலாமா என்று டாக்டர் அவளைக் கேட்டார். அவள் தலையை ஆட்டினாள். மாமனார் சொன்ன பிறகு வேறு எப்படி ஆட்டுவாள்.

டாக்டர் சொன்னார்.

அவளுடைய ரத்தம் நெகட்டிவ். வயிற்றில் இருப்பது தகப்பனைக் கொண்டு பாசிட்டிவாக இருக்கலாம். அந்த ரத்தத்தை எதிரி என்று எண்ணி அவள் உடம்பு ஆன்டிபாடியை உண்டாக்கி வைத்திருக்கிறது. அது நஞ்சுக்கொடி வழியாகப் போகும். பிள்ளையின் ரத்தத்தை அழிக்கும்.

"முதல் பிள்ளைன்னா இந்த அளவு வராது. இதுக்கு முன்னாடி எப்பவாவது ரத்தம் ஏத்தியிருக்கா?"

உலகம்மாள் முந்திக்கொண்டாள்.

"ஐயோ, எம்புள்ள ஆஸ்பத்திரி வாசப்படியே மிதிச்சதில்ல. ஒரு தையல்கூடக் கெடையாது."

"அப்ப, இதுக்கு முன்ன ஏதாவது கர்ப்பம்?"

பக்கத்து ஸ்கேன் அறையில் யார் வயிற்றுப் பிள்ளையின் நெஞ்சுத் துடிப்போ விசைத்தறி போல ஓடிக்கொண்டிருந்தது.

என் மகன் சிரித்தான். "இதான் டாக்டர் முதல்."

அந்த அறையில் அவன் ஒருவன்தான் பயப்படவில்லை.

அவள் குனிந்த தலையை எடுக்கவில்லை. கால் விரல்கள் செருப்புக்குள் சுருண்டன.

உலகம்மாள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள்.

சுவருக்கு அப்பால் தறி நின்றது.

ஸ்கேன் முடிந்திருக்கும். அவ்வளவுதான். கைத்தடியை ஊன்றி நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"குத்தம் கண்டுபிடிக்கக் கேக்கல," என்றார் டாக்டர். "தெரிஞ்சாத்தான் பிள்ளையக் காப்பாத்த வழி பாக்க முடியும்."

என் மகனின் சிரிப்பு குறைந்தது. அவள் பக்கம் திரும்பினான்.

"ஒண்ணு கலைஞ்சிருக்கு," என்றேன்.

"என்னப்பா சொல்லுதிய?"

"நீ கப்பல்ல இருந்தேல்லா, அப்ப."

"எங்கிட்டகூடச் சொல்லலியே!"

"நடுக்கடல்ல கெடக்கவன்கிட்ட என்னத்தல சொல்லதுக்கு? குதிச்சு நீந்தி வந்திருப்பியாக்கும்?"

எந்த மாதம் என்று டாக்டர் கேட்டார். அவளைத்தான் கேட்டார்.

அவள் உதடு அசைந்தது. மாதம் வரவில்லை.

"ஆவணி," என்றேன்.

வைகாசியில் கல்யாணம். ஆனியில் இவன் கப்பலேறினான். கணக்கு சரியாக இருந்தது.

அப்போது அவள் என்னைப் பார்த்தாள். வீட்டுக்கு வந்த நாளிலிருந்து என் முகத்தை நேராகப் பார்த்தவள் இல்லை.

உலகம்மாளின் இரண்டு கைகளும் என்னைக் கும்பிட எழுந்தன. கீழே போடும்படி கண்ணைக் காட்டினேன்.

"அப்ப ஆன்டி-டி ஊசி போட்டீங்களா?"

"இல்ல. ஆஸ்பத்திரிக்கே கூட்டிட்டுப் போகல. வெளிய தெரியக் கூடாதுன்னு நாந்தான் தடுத்தேன்."

டாக்டர் பேனாவை மேசையில் வைத்தார்.

"மூணு நாளுக்குள்ள ஒரே ஒரு ஊசி, பெரியவரே. அதுலயும் இதே ஆன்டிபாடிதான் இருக்கு. யாரோ கொடுத்த ரத்தத்துலருந்து பிரிச்சு எடுக்கறது. அத வெளியிலருந்து கொடுத்திருந்தா இவங்க உடம்பு தானா உண்டாக்கியிருக்காது. உங்க கௌரவத்த வயித்துல இருக்கற பிள்ளையா சுமக்கணும்?"

மேலவீட்டுத் தளவாயான என்னை நிற்க வைத்துக் கேட்டவர் எங்கள் தெருவில் யாரும் இல்லை.

எழுந்து நின்று கேட்டுக்கொண்டேன். முதுகை வளைக்கவில்லை.

டாக்டர் என்னையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். பிறகு, 'முன்பு ஒரு முறை கர்ப்பம், ஊசி போடவில்லை' என்று எழுதிக்கொண்டார்.

மதுரைக்குப் போக வேண்டும் என்றார். தேவைப்பட்டால் வயிற்றுக்குள் இருக்கும்போதே பிள்ளைக்கு ரத்தம் ஏற்றுவார்கள்.

பிழைக்குமா என்று யாரும் கேட்கவில்லை. கேட்டால் டாக்டர் பதில் சொல்லிவிடுவார்.

வராந்தாவில் என் மகன் முன்னால் நடந்தான். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தான். ஆட்டோ பார்த்து வருகிறேன் என்று அவளிடம் மட்டும் சொல்லிவிட்டுப் போனான்.

அவள் நின்றாள்.

"மாமா."

"படி இருக்கு," என்றேன். "பாத்து எறங்கு."

அந்தக் கர்ப்பம் கல்யாணத்துக்கு முந்தியது என்று தெருவில் ஒரு பேச்சு நடப்பதாகக் கேள்விப்படுகிறேன்.

தவறு.

ஆவணி மாதம். எங்கள் வீட்டில். நானே சாட்சி.