பெயர் மறைத்த கிரகம்

“இஞ்சாருங்க, ஓடி வாங்க! அங்க காத்து இரிக்கி!”

வதனி போட்ட சத்தத்தில் கிணற்றடியில் நின்ற மதுரன் வாளியைப் போட்டுவிட்டு ஓடிவந்தான். வயல் வட்டையில் வெள்ளாமைக்குத் தண்ணீர் கட்டிவிட்டு அப்போதுதான் வீடு திரும்பியிருந்தான். முழங்கால் வரை சேறு. கழுவ மறந்து அப்படியே மனைவியின் அறைக்குள் வந்துவிட்டான். வேறொரு நாளாக இருந்தால் வீடு இரண்டுபட்டிருக்கும்.

“எங்க காத்து?”

“கிரகத்துல! எங்கட செய்மதி பிடிச்ச வெளிச்சத்துல தெரியிது!”

சப்பாத்துப் பெட்டி அளவில் விண்ணில் சுற்றும் செய்மதி அது. தொலைதூரக் கிரகங்களின் காற்றில் என்ன இருக்கிறது என்று பார்க்க அனுப்பியது. அது பிடிக்கும் வெளிச்சத்தைப் படித்துச் சொல்ல வதனி ஒரு புரோகிராம் எழுதியிருந்தாள். இன்னொரு குழுவும் எழுதியிருந்தது. சரியாகப் படிப்பது எதுவோ அதற்குத்தான் இனி வேலை. மற்றது குப்பைக்கு. முடிவு இன்றைக்கு.

“வெளிச்சத்துல காத்து எப்பிடி புள்ள தெரியும்?”

“நட்சத்திரத்திட வெளிச்சம் கிரகத்துக் காத்துக்குள்ளால வடிஞ்சு வரும். ஒவ்வொரு வாயுவும் அதுல தன்ட பங்கை விழுங்கிரும். எது குறையிதெண்டு பாத்தா எந்த வாயு எண்டு பிடிச்சிரலாம்.”

“சரி, என்ன பிடிச்ச?”

“நீராவி, ஒட்சிசன். இந்தா, மீதேனும் இரிக்கி!”

“அதென்ன?”

“வட்டைக்குள்ள சேத்த மிதிக்கக்குள்ள குமிழி வருமே, அதுக்குள்ள இரிக்கிற வாயு. ஒட்சிசனும் மீதேனும் ஒண்டா நிண்டா அங்க உயிர் இரிக்கக்கூடும்!”

மதுரனுக்குப் புல்லரித்தது. “அப்ப அங்கயும் ஒருத்தன் சேத்துக் காலோட வீட்டுக்குள்ள வந்து பொஞ்சாதிக்கிட்ட ஏச்சு வாங்கிறானாக்கும்!”

வதனி சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றுபோனது.

“எந்தக் கிரகம் அது?” என்றான் மதுரன்.

“தெரியா. எங்கட தலைவி மெடம் பேரை மறைச்சுத்தான் தருவா. பேர் தெரிஞ்சா நாங்க ஆசைப்படுறதையே கண்டுபிடிச்சிருவமாம். ஆனா இது... இவ்வளவு வடிவா ஆருக்குக் கிடைக்கும்? என்ட புரோகிராம் பிழையாப் படிச்சிட்டோ தெரியா. உயிர் இரிக்கலாம் எண்டு எழுதிப் பிழைச்சா எல்லாரும் சிரிப்பாங்க. மீதேனை வெட்டிட்டு அனுப்பவா?”

“உனக்குத் தெரியிதா, இல்லையா?”

“தெரியிதுதான்.”

“பிறகென்ன? போன கிரகணத்துக்கு ஊரே கதவைப் பூட்டிட்டுப் படுத்திச்சு. நீ அப்பவும் சாப்பாடு தண்ணி இல்லாம இதுக்கு முன்னாலதானே குந்தியிருந்த? கண்டதை எழுது. சிரிச்சாச் சிரிக்கட்டும்.”

வதனி கண்ணை இறுக மூடிக்கொண்டு அனுப்பிவிட்டாள். பிறகு இருவரும் தொலைபேசியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது அடித்ததும் வதனி பாய்ந்து எடுத்தாள். அழைத்தது செய்மதித் திட்டத் தலைவி கேதீஸ்வரி.

“வதனி, மூண்டு வாயுவையும் துணிஞ்சு எழுதினது நீங்க மட்டும்தான். மற்றவங்க மீதேனுக்குப் பயந்து வெட்டிட்டாங்க. இனி உங்கட புரோகிராம்தான்!”

வதனி துள்ளிக் குதித்தாள். மதுரன் அடித்த விசிலுக்கு வேலியோரத்துக் கோழிகள் சிதறி ஓடின.

“அப்ப மெய்யாவே அங்க உயிர் இரிக்கா மெடம்? எந்தக் கிரகம் அது?”

கேதீஸ்வரி வாய்விட்டுச் சிரித்தாள். “போன சந்திர கிரகணத்தண்டு செய்மதியை நிலாப் பக்கம் திருப்பினம். கிரகண நேரம் நிலாவுல விழுறது என்ன வெளிச்சம்? நம்மட பூமிக் காத்துக்குள்ளால வடிஞ்சு போன வெயில், அதைத்தான் பேரை மறைச்சுத் தந்தன். நமக்குத் தெரிஞ்ச காத்தைச் சரியாப் படிக்கிற ஆளிட்டத்தானே தெரியாத காத்தை நம்பிக் குடுக்கலாம்!”

வதனி மெல்லத் திரும்பி மதுரனின் காலைப் பார்த்தாள்.

“ஓம் மெடம், அங்க உயிர் இரிக்கிதான். ஒராள் சேத்துக் காலோட என்ட அறைக்குள்ள நிக்கிறார், இப்ப ஏச்சு வாங்கப் போறார்.”