ஒட்டாத துளி

இந்தத் துணி விலைபோகாவிட்டால் ஆய்வுக்கூடத்தை மூட வேண்டியதுதான். கண்ணுக்குத் தெரியாத படிகங்களைத் துணிமேல் ஊசி ஊசியாக வளர்த்து, தண்ணீரே ஒட்டாதபடி செய்ய, ஆய்வாளரான அவளுக்கு ஆறு வருடம் ஆகியிருந்தது.

வந்திருந்த ஜவுளிக்கடை முதலாளி, சரக்கு பிடித்துவிட்டால், விலையை ஏற்றிவிடக் கூடாதென்று கொட்டாவி விடும் ரகம். இப்போதும் விட்டார்.

அவள் உள்ளே போய்க் குடுவையோடு திரும்பி வந்து தண்ணீரைச் சொட்டினாள். காலையில் முத்தாக உருண்ட துளி, இப்போது துணியில் ஊறிப் பரவியது.

கூட்டிப் பெருக்கும் அக்காவிடம் சீறினாள். “கையை வெச்சீங்களா? பட்டாலே படிகமெல்லாம் நொறுங்கிடும்னு எத்தனை தடவை சொன்னேன்!”

“சத்தியமா தொடலைம்மா!”

“அவங்களை ஏம்மா திட்றீங்க?” என்றார் முதலாளி. “நீங்க தண்ணி எடுக்கப் போனப்ப நான்தான் தடவிப் பார்த்தேன்.”

“ஐயோ, இதைப் போய் தடவலாமா சார்?”

முதலாளி எழுந்துகொண்டார்.

“தடவிப் பார்க்காம என் கடையில யாரும்மா துணி எடுப்பாங்க?”