சராசரி அஞ்சு நிமிஷம்

"நேரத்தை மதிக்காத மனுஷனை நம்பி உன்னை எப்படி அனுப்பி வைக்கிறது?" துவைத்த துண்டை உதறி மடித்தபடி கேட்டாள் புள்ளியியல் பேராசிரியை.

"கடையைப் பூட்டிட்டு வரணுமே! ஆனாலும் சராசரியா அஞ்சு நிமிஷத்துக்கு மேல லேட்டாகாது" என்றாள், மூக்குக்கண்ணாடிக் கடைக்காரரிடம் மனதைப் பறிகொடுத்தவள்.

"சரி, அதையே கருதுகோளா வச்சுக்கலாம். அது தப்புன்னு சொல்ல எனக்கு ஆதாரம் வேணும். இங்க ஆறு தடவை வந்திருக்கார். ஒவ்வொரு தடவையும் மணி பாத்தேன். சராசரி பன்னிரண்டு நிமிஷம்."

"மழையில பஸ் நின்னுபோன அன்னிக்கு வந்ததையும் சேர்த்துட்டியா? இது அநியாயம்!"

"சேர்க்காம? ஆனா அதனாலதான் தப்பிச்சார். ஒரு நாள் சீக்கிரம், ஒரு நாள் ரொம்ப லேட்டுன்னு ஏகத்துக்கும் ஏறி இறங்குது. ஆறே தடவையை வச்சு, எப்பவுமே இப்படித்தான்னு அடிச்சுச் சொல்ல முடியாது."

மனதைப் பறிகொடுத்தவளின் முகம் மலர்ந்தது. "அப்போ நான் சொன்னது நிரூபணமாயிடுச்சு!"

"அதுவும் இல்லை. மறுக்கிற அளவுக்கு ஆதாரம் பத்தலை. அவ்வளவுதான்."

"ஐயோ, உன் கணக்கைத் தூக்கி அடுப்புல போடு! உனக்குச் சம்மதமா, இல்லையா? அதைச் சொல்லு." கேட்கும்போதே குரல் உடைந்து, கண்கள் கலங்கிவிட்டன.

பேராசிரியை துண்டை அப்படியே போட்டுவிட்டு வந்து கட்டிக்கொண்டாள்.

"முழுச் சம்மதம். ஆனா உன் பேரப்பிள்ளைங்ககிட்ட இதை நீயேதான் சொல்லணும், அம்மா. எனக்கு வெட்கமா இருக்கு."