ஒட்டடைக்குச்சியின் புகார்

தான் படித்த பள்ளிக்கே தலைமையாசிரியையாக வந்தவர், கேலியை ஒழிக்கப் புகார்ப்பெட்டி வைத்தார். வெள்ளிதோறும் அதில் பெயரில்லாத சீட்டு ஒன்று விழுந்தது: "என்னை ஒட்டடைக்குச்சின்னு கூப்பிடறாங்க. சாப்பாட்டு டப்பால மண்ணைப் போடறாங்க."

துணிக்கடைக்காரர் மாதிரி ஐந்து வகுப்பையும் பிரித்துப்போட்டுப் பார்த்தார். அப்படியொரு பிள்ளை அகப்படவில்லை. எங்கோ கேட்ட பெயராகவும் இருந்ததால் தூக்கம் போயிற்று.

இந்த வெள்ளி கதவு மறைவில் காத்திருந்தார். சீட்டோடு வந்தது, வாசலையே அடைக்கும் உடம்புக்காரியான புது ஆயா.

"ஆயாம்மா, யாருக்காக எழுதறீங்க?"

"எனக்குத்தான் டீச்சர். இங்கதான் மூணாங்கிளாஸ் படிச்சேன். அப்ப பெட்டி ஏது?"

"உங்களையா ஒட்டடைக்குச்சின்னாங்க?" பயம் விட்டுப்போய்த் தலைமையாசிரியைக்குச் சிரிப்பு பீறிட்டது.

ஆயா சிரிக்கவில்லை.

"அந்தப் பேரை வெச்ச அன்னைக்கும் நீ இப்படித்தான் சிரிச்சே."