எலும்புப் பங்கு

பையைப் பிரித்ததும் ஃபைஸாவுக்கு முகம் கறுத்துவிட்டது.

"இன்னாங்க, இங்க வந்து பாருங்க! உங்க அண்ணன் வூட்டு குர்பானிப் பங்கு. கழுத்தெலும்பு, நெஞ்செலும்பு... கறின்னு ஒரு துண்டு கீதா?"

அதீப் எட்டிப் பார்த்தான். "வுடேன். பக்ரீத்தும் அதுவுமா..."

"எப்படி வுடறது? சொந்தத்துக்கே எலும்புன்னா, இல்லாதவங்க பங்குல இன்னா போட்டிருப்பாங்க உங்க அண்ணி? நல்ல கறி பூரா ஃப்ரீசர்ல கெடக்கும்!"

காலையில்தான் ஸ்டேட்டஸ் போட்டிருந்தாள்: 'ஏழை வயிறு நிறைந்தால்தான் குர்பானி.' சிறுசேரி ஆபீஸ் தோழிகள் ஹார்ட்டாக அனுப்பிக் குவித்திருந்தார்கள். அந்தச் சூடு இன்னும் ஆறவில்லை.

"நைட்டு அவங்க வூட்டுப் பிரியாணிக்கு நான் வரல. இனிமே அந்த வாசப்படிய மிதிச்சா கேளுங்க!"

அதீப்புக்குத் திக்கென்றது. சொன்னால் செய்கிறவள். அம்மா போன பிறகு அண்ணனும் தம்பியும் குடும்பத்தோடு ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவது அந்த ஒரு ராத்திரிதான்.

"அக்கா..."

வாசலில் அம்சா. இரண்டு வீட்டிலும் பாத்திரம் தேய்ப்பவள். கையில் ஒரு தூக்கு.

"பெரியக்கா வூட்லருந்து வர்றியா? இன்னா குடுத்தாங்க, காட்டு!"

அம்சா மூடியைத் திறந்தாள். அத்தனையும் தொடைக்கறி. மேலே ஈரல்.

ஃபைஸா தூக்கையும் தன் பையையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"எனக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சிக்கா. 'உங்களுக்கு?'ன்னு கேட்டேன். 'நாங்க வாராவாரம் கறி துன்றோம். இன்னிக்கு எல்லாரும் எலும்பக் கடிச்சா இன்னா கொறைஞ்சிடும்? உன் புள்ளைங்களுக்கு இன்னிக்குத்தானே'ன்னாங்க."

தங்கள் வீட்டு குர்பானியிலிருந்து ஃபைஸா கட்டிக் கதவோரம் வைத்திருந்த கறுப்பு கவரை அம்சா தானாகவே எடுத்துக்கொண்டாள்.

"இது எனக்குத்தானேக்கா? உங்க வூட்டு எலும்புல சூப்பு வெச்சா அவ்ளோ நல்லா வருது. வருஷா வருஷம் புள்ளைங்க கேக்கும்!"

அவள் மனசாரத்தான் சொன்னாள். அதீப் இருமுவதுபோல் திரும்பிக்கொண்டான்.

ஃபைஸா கவரை வெடுக்கென்று வாங்கினாள்.

"இரு அம்சா, கவர் மாறிப்போச்சு."

ஃப்ரீசரைத் திறந்தாள். டப்பா டப்பாவாகக் கறி. பெரிய டப்பாவாகப் பார்த்து எடுத்தவள், திரும்பாமலே கேட்டாள்:

"இன்னாங்க, நைட்டு பிரியாணிக்கு அக்கா வூட்டுக்கு எத்தினி மணிக்குப் போறோம்?"