நான்கு ஓம் விருந்தாளி

அன்று கூடத்தில் இருந்தவர்கள் மூவர்: ஒலிபெருக்கிகளுக்கு மின்சாரம் ஊட்டும் ரிசீவர், எட்டு ஓம் ஒலிபெருக்கி, புதிதாக வந்த நான்கு ஓம் ஒலிபெருக்கி. ஓம் என்ற மின்தடை அளவு குறைந்த ஒலிபெருக்கி ரிசீவரிடமிருந்து மின்சாரத்தை அதிகம் இழுக்கும்; நான்கு, எட்டைப்போல் இரு மடங்கு இழுத்தது. அது பாடத் தொடங்கியதும் சுவர்களே பாடுவதுபோல் இருக்க, எட்டு தன் பாட்டை மறந்து வியந்து நின்றது. பிறகுதான் ரிசீவரின் மேல்மூடி கொதிப்பதைக் கண்டது.

"அண்ணே, எரிஞ்சு போயிடுவீங்க. போதும்னு அவர்கிட்ட சொல்லுங்க."

"விருந்தாளிகிட்ட போதும்னு சொல்ற வாய் எனக்கு இல்லடா," என்றது ரிசீவர். "பொறாமைப்படாம கேளு, எப்படிப் பாடுறார்னு."

அப்பேச்சு நான்கின் காதில் விழுந்தது. உச்சத்தில் இருந்த பாட்டை அது அப்படியே நிறுத்தியது. ரிசீவரின் கொதிக்கும் மூடியை ஒருமுறை பார்த்தது; தன் வயரைத் தானே கழற்றிக்கொண்டு வெளியே நடந்தது.